புள்ளிக்குயிலின் புருஷன் யார்?

அரியலூர் மாவட்டம், கரைவெட்டி ஏரிக்கரை. பங்குனி மாதத்துக் காலை. குளிர்காலத்துக்கு வந்த வரித்தலை வாத்துகளெல்லாம் இமயமலையைத் தாண்டி ஊர் திரும்பும் சீசன். கேமராவோடு வருகிற கூட்டமும் அவற்றோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. ஏரியில் தண்ணீர் பாதி. கரையில் நான், ஒரு பைனாகுலர், பக்கத்தில் மாடு மேய்க்க வந்த எழுபது வயதுப் பெரியவர். அவ்வளவுதான்!

கரைமேல் இருந்த மரத்திலிருந்து ஒரு குயில் 'கூ...ஊ... கூ...ஊ...' என்று படிப்படியாகக் குரலை உயர்த்திக்கொண்டே போனது. உச்சத்துக்குப் போய் சட்டென்று நிறுத்தியது. அதே மரத்தின் வேறொரு கிளையிலிருந்து இன்னொரு பறவை எட்டிப் பார்த்தது. பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, வாலில் பட்டை பட்டையாக வரி.

"அது என்ன பறவைங்கய்யா?" என்று, தெரிந்துகொண்டே கேட்டேன் (பத்திரிகைக்காரன் புத்தி!).

"அது புள்ளிக்குயிலு தம்பி. கத்துதே, அது கருங்குயிலு. ரெண்டும் வேற வேற சாதி."

"வேற சாதி இல்லீங்கய்யா... புருஷன் பொண்டாட்டி. கறுப்பா இருக்கிறது ஆம்பள, புள்ளி வச்சது பொம்பள."

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுவது வருஷமா பாக்கறேன். நீ நேத்து வந்து சொல்ற..." என்று சிரித்துவிட்டு மாட்டைத் திருப்பப் போய்விட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டு நீங்கள் சிரிக்க வேண்டாம். ஏனென்றால், இதே தவற்றை இன்னொரு பெரிய மனிதரும் செய்திருக்கிறார். அவர் பெயர் கார்ல் லின்னேயஸ்!

உலகத்தில் உள்ள செடி, கொடி, புழு, பூச்சி, மனுஷன் என்று எல்லாவற்றுக்கும் இரண்டு சொல்லில் லத்தீன் பெயர் வைக்கிற முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு மேதை லின்னேயஸ். 1758-ல் அவர் தன் புகழ்பெற்ற பட்டியலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். அவர் இந்தியாவுக்கு வந்ததே கிடையாது. லண்டனில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற ஓவியர், இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போன பறவைகளைப் பார்த்து வண்ணப் படங்கள் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்று 'கறுப்பு இந்தியக் குயில்'. இன்னொன்று 'பழுப்பும் புள்ளியுமான இந்தியக் குயில்'. லின்னேயஸ் இரண்டு படத்தையும் பார்த்தார். கறுப்புக்கு ஒரு பெயர், புள்ளிக்கு ஒரு பெயர். புருஷனையும் பொண்டாட்டியையும் பிரித்து, இரண்டு குடும்ப அட்டை கொடுத்துவிட்டார்!

பிற்பாடு விஷயம் தெரிந்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், நிலைத்த பெயர் மனைவியினுடையது. இன்றைக்கும் நம் குயிலின் அறிவியல் பெயரில் இருக்கிற 'ஸ்கோலோபேசியஸ்' என்ற சொல்லுக்கு, உள்ளான் குருவி மாதிரி இருப்பது என்று பொருள். உள்ளானும் பழுப்பு, புள்ளி. ஆக, பாடுவது ஆண்... பெயர் பெண்ணுடையது! நம் சினிமாப் பாட்டுகளில் பெண் குரலைக் குயிலோடு ஒப்பிட்டு ஒப்பிட்டே பழகிவிட்ட நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான். மாமரத்தில் உட்கார்ந்து உயிரை உருக்குகிற அந்தப் பாட்டு முழுக்க ஆண்குயிலின் கச்சேரி. பெண்குயிலுக்கு 'கிக்... கிக்... கிக்' என்ற அவசரக் கத்தல் மட்டும்தான்.

இனங்களைப் பிரிப்பதும் சேர்ப்பதும் நம்ம ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது! விலாசம் எழுதியே களைத்துப்போன மக்கள் அவர்கள். பறவை விஞ்ஞானிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதே கலெக்டர் ஆபீஸ் வேலைதான். என்ன... இங்கே கோப்பு கைமாற இருநூறு வருஷம் ஆகும்.

சரி, இந்த மாவட்டங்களின் வயல், வேலி, முள்காடு, தோப்பு எல்லாவற்றிலும் பார்க்கக்கூடிய குயில் குடும்பத்துப் பறவைகள் எத்தனை? நீங்கள் ஒன்று என்பீர்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். நான் படித்தது பி.காம். பறவைகளில் எனக்குத் தெரிந்தது காக்கா, குருவி, தட்டில் வரும் கோழி! பிறகு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, குறைந்தது அரை டஜன் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். அதைவிட ஆச்சரியம், அவற்றில் பல பறவைகளை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியதே நம் சோழமண்டலக் கரைதான்!

முதலில் தரங்கம்பாடிக்குப் போவோம். அரியலூரிலிருந்து கிழக்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். 1620 முதல் 1845 வரை அது டென்மார்க்காரர்களின் ஊர். அங்கே இருந்த பாதிரிமார்கள் பைபிளோடு நிற்கவில்லை. மீன், பாம்பு, செடி என்று கிடைத்ததையெல்லாம் பாடம் பண்ணி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். லின்னேயஸிடம் படித்த மார்ட்டின் வால் என்ற அறிஞர் கோபன்ஹேகனில் இருந்தார். 1797-ல் அவர் இரண்டு குயில்களைப் பற்றி எழுதினார். இரண்டுமே தரங்கம்பாடிப் பறவைகள்!

அதில் ஒன்று நம் அக்காக்குயில். புறா அளவு, சாம்பல் முதுகு, வாலில் பட்டைகள். பார்த்தால் அசல் வல்லூறு! மரத்துக்கு மரம் தாவும்போது இறக்கையை அடிக்கிற விதம்கூட வல்லூறு போலத்தான். சின்னக் குருவிகள் பயந்து கூச்சல் போட்டுத் துரத்தும். எப்படிக் கண்டுபிடிப்பது? மூக்கைப் பாருங்கள், காலைப் பாருங்கள். வல்லூறுக்கு மூக்கு கொக்கி மாதிரி வளைந்திருக்கும், காலில் கூரிய நகம். அக்காக்குயிலின் அலகு கிட்டத்தட்ட நேர். காலில் இரண்டு விரல் முன்னால், இரண்டு விரல் பின்னால். குயில் குடும்பம் முழுக்க இந்தக் கால்தான்.

இந்த வல்லூறு குழப்பம் இரண்டாயிரத்து முந்நூறு வருஷப் பழசு. கிரேக்க நாட்டில், பருந்து இனப் பறவைதான் ஒரு பருவத்தில் குயிலாக உருமாறுகிறது என்று நம்பினார்கள். அரிஸ்டாட்டில் ஒருத்தர்தான், 'அப்படியெல்லாம் இல்லை, காலையும் நகத்தையும் பாருங்கள்' என்று எழுதி வைத்தார். அவர் சொன்னதைத்தான் நான் இப்போது உங்களுக்குச் சொன்னேன்!

அக்காக்குயிலின் கூவலும் பிரசித்தம். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஸ்தாயியைக் கூட்டிக்கொண்டே போகும். வெயில் காலத்தில் ராத்திரியிலும் விடாது. ஒவ்வொரு ஊர்க்காரருக்கும் அது ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறது. மராத்திக்காரர்களுக்கு 'மழை வந்தாச்சு'. வங்காளிக்கு 'என் கண்ணு போச்சே'. இந்திக்காரர்களுக்கு 'என் காதலன் எங்கே?'. புழுக்கத்தில் தூங்க முடியாமல் புரண்ட வெள்ளைக்காரனுக்கு அது 'மூளைக்காய்ச்சல்'! அவரவர் கவலை அவரவருக்கு.

1797-ல் வால் எழுதிய இரண்டாவது பறவை, சாம்பல் வயிற்றுக் குயில். இது சின்ன உருவம். உடம்பு சாம்பல், அடிவயிறும் வாலுக்கு அடிப்பக்கமும் வெளுப்பு. மழை மேகம் கூடிவிட்டால் சோகமாக விசிலடித்துக்கொண்டே இருக்கும். இதிலும் பெண் பறவைகளில் சில, செம்பழுப்பு நிறத்தில் வரிவரியாக வேறு பறவை மாதிரி இருக்கும். குயில் குடும்பத்தில் 'இவர் இவருடைய மனைவி' என்று யாராவது அறிமுகப்படுத்தினால்தான் உண்டு!

அடுத்து, சுடலைக் குயில். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தலையில் தூக்கிய கொண்டை, பறக்கும்போது இறக்கையில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை. இதைவிட எளிதாக அடையாளம் காணக்கூடிய குயில் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் இதை 'கோரமண்டல் கொண்டைக் குயில்' என்று படம் போட்டு வெளியிட்டார்கள். கறுப்பு வெள்ளை அங்கி போட்ட பாரிஸ் துறவிகளுக்கு 'ஜாக்கோபின்' என்று பெயர். அந்தப் பெயரையே 1783-ல் போடார்ட் என்ற டச்சு மருத்துவர் இதற்கு லத்தீனில் சூட்டிவிட்டார்.

வடமொழிக் கவிஞர்கள் கொண்டாடுகிற சாதகப் பறவையும் இதுதான். மழைத்துளியைத் தவிர வேறு தண்ணீர் குடிக்காதாம். கதைதான். ஆனால், அதன் பின்னால் ஒரு உண்மை இருக்கிறது. வட இந்தியாவுக்கு இது தென்மேற்குப் பருவமழையை ஒட்டி ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிறது. 2020-ல் டேராடூன் இந்திய வனவுயிர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இரண்டு பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்தார்கள். வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? மேக், சாதக்! நம் தென்னிந்தியாவிலோ வருஷம் முழுக்க இங்கேயே குடியிருக்கிற சுடலைக் குயில்களும் உண்டு.

ஒரே பறவை. பிரெஞ்சுக்காரன் துறவியைப் பார்த்தான். வடமொழிக் கவி மழைக்குத் தவம் கிடப்பவனைப் பார்த்தான். நம் ஆள் சுடுகாட்டைப் பார்த்தான்!

இனி, குயிலின் பெரிய ரகசியத்துக்கு வருவோம். அடுத்தவர் கூட்டில் முட்டை.

இது நமக்கு எப்போதோ தெரியும். குயிலுக்கு வடமொழியில் 'பரபிருதம்' என்றே ஒரு பெயர். அடுத்தவரால் வளர்க்கப்படுவது என்று அர்த்தம். காளிதாசனின் சாகுந்தலத்தில், கர்ப்பிணியாக வந்து நிற்கிற சகுந்தலையைத் தெரியாது என்கிற துஷ்யந்தன், 'பெண் குயில் தன் குஞ்சை மற்ற பறவைகளிடம் வளர்க்க விடுகிற மாதிரிதானே இதுவும்' என்ற தொனியில் குத்திக் காட்டுவான். சபையில் ஒரு பெண்ணை அவமானப்படுத்தவும் பயன்பட்டிருக்கிறது, பாவம், இந்தப் பறவை!

ஐரோப்பாவில் இதைக் கிட்டத்தில் போய் உட்கார்ந்து பார்த்தவர் எட்வர்ட் ஜென்னர். ஆமாம், அம்மைக்குத் தடுப்பூசி கண்டுபிடித்த அதே ஜென்னர்தான்! 1788-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. முட்டையிலிருந்து வெளிவந்த குயில் குஞ்சு, கண்கூடத் திறக்காத நிலையில், முதுகால் நெம்பி வீட்டுக்காரக் குஞ்சுகளைக் கூட்டுக்கு வெளியே தள்ளுகிறது என்று எழுதினார். பலர் நம்பவில்லை. ஆனாலும் மறு வருஷமே சொசைட்டியில் அவரை உறுப்பினராக்கினார்கள். தடுப்பூசி வந்தது 1796-ல். முதல் புகழ் குயில் கொடுத்தது!

நம் ஊர்க் குயில் அந்த அளவுக்குக் கொலைகாரன் இல்லை. காக்கைக் கூட்டில் பிறக்கிற குயில் குஞ்சு, காக்கைக் குஞ்சுகளைப் பொதுவாக வெளியே தள்ளுவதில்லை. சேர்ந்தே வளரும். சாப்பாட்டுக்கு மட்டும் முதல் ஆளாக வாயைத் திறக்கும். பி.காம். பாஷையில் சொன்னால், வரவு குயில் கணக்கில், செலவு முழுக்கக் காக்கை கணக்கில். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்!

ஆளுக்கொரு வீடும் பிரித்து வைத்திருக்கிறார்கள். குயிலுக்குக் காக்கை. அக்காக்குயிலுக்கும் சுடலைக் குயிலுக்கும் கூட்டமாகத் திரிந்து கத்துமே, அந்தத் தவிட்டுக் குருவி. சாம்பல் வயிற்றுக் குயிலுக்கு, இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற தையல் சிட்டு, கதிர்க்குருவி மாதிரி பொடிசுகள். எந்தக் குருவி எந்தப் பறவைக்கு ஊட்டுகிறது என்று பார்த்தாலே பாதி அடையாளம் தெரிந்துவிடும்.

குயில் குடும்பம் என்றாலே திருட்டுக் குடும்பம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். செம்போத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காக்கை அளவு, கறுப்பு உடம்பு, செம்மண் நிற இறக்கை, சிவந்த கண். பறப்பதைவிட நடப்பதுதான் ஜாஸ்தி. வேலியோரம் இறங்கி நத்தை, ஓணான், பாம்புக் குட்டி என்று பொறுக்கும். 'ஊப்... ஊப்... ஊப்' என்று அடிவயிற்றிலிருந்து சத்தம் வரும். தன் கூட்டைத் தானே கட்டி, தன் குஞ்சைத் தானே வளர்க்கிற கௌரவமான குடும்பஸ்தன்! கம்பெனிப் பட்டாளத்துக்குப் புதிதாக வந்த இங்கிலீஷ் பையன்கள், இதை விருந்துக்காகும் காட்டுக்கோழி ரகம் என்று நினைத்துச் சுட்டுத் தின்று, வாய் கசந்து துப்புவார்களாம். 'புதுசாக வந்தவனின் கோழி' என்றே கேலிப் பெயர் விழுந்தது. நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. நெஞ்சுச் சளிக்கு, காச நோய்க்கு மருந்து என்று சொல்லி இதை அடித்துத் தின்றவர்கள் உண்டு. காச நோய்க்கு மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. செம்போத்தைக் கொன்றால் 1972-ம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பச்சைவாயனும் சொந்த வீட்டுக்காரன்தான். சாம்பல் பச்சை உடம்பு, இளம்பச்சை அலகு, கண்ணைச் சுற்றி நீலம், வெள்ளை நுனி வைத்த நீள வால். முள்புதருக்குள் எலி மாதிரி நழுவும். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன் என்ற ஆங்கிலேயர், நீலகிரி அடிவாரத்தில் கிடைத்த பறவையை வைத்து 1840-ல் இதற்குப் பெயரிட்டார். இதன் ஒன்றுவிட்ட தம்பி சிர்கீர். மணல் நிறம், சிவந்த அலகு, தரையில் திரிகிற சுபாவம். 1816-ல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோவின் பெயரை லத்தீனில் சுமந்துகொண்டிருக்கிறது. 1830-ல் அந்தப் பெயரைச் சூட்டியவர் லெஸ்ஸன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர்.

'சரி, எல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் குயில் என்றே சொல்லிவிட்டுப் போனால் என்ன குறை?' என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பெரியவர்தான் தீர்த்து வைத்தார்.

மாட்டைத் திருப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தில் இருந்த சுடலைக் குயில் படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்தக் கொண்டைக்காரன நம்ம கொல்லையில பாத்திருக்கேன் தம்பி. தவிட்டுக்குருவிங்க தொரத்திக்கிட்டே இருக்கும். இப்ப எங்க..."

"ஏங்கய்யா?"

"அப்ப சுத்தியும் கிளுவை வேலி. ஆள் நொழைய முடியாது. குருவிங்க அதுக்குள்ளாறதான் கூடு கட்டும். பையன் அதெல்லாம் புடுங்கிட்டு கல்லுக்கால் நட்டு கம்பி போட்டுட்டான். கம்பியில எந்தக் குருவி கூடு கட்டும்?"

யோசித்துப் பாருங்கள்... வேலி போனால் தவிட்டுக் குருவிக்கு வீடு போச்சு. தவிட்டுக் குருவிக்கு வீடு போனால் சுடலைக் குயிலுக்குத் தொட்டில் போச்சு. ஆனால், காக்கையை நம்பி இருக்கிற கருங்குயிலுக்கு ஒரு குறையும் இல்லை. கரண்ட் கம்பமோ, செல்போன் டவரோ, காக்கை எங்கேயாவது கூடு கட்டிக்கொள்ளும். குயில் வழக்கம்போலக் கூவும். நாமும் 'குயில்தான் கூவுகிறதே, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது' என்று நினைத்துக்கொண்டிருப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பவனுக்கு, ஒன்று காணாமல் போனால் தெரியவே தெரியாது. ஆறு கணக்கை ஒரே பேரேட்டில் எழுதினால், எந்தக் கணக்கில் நஷ்டம் என்று எப்படித் தெரியும்?

கரைவெட்டியைப் பொறுத்தவரை நாம் விழித்துக்கொண்டோம். சுமார் 450 ஹெக்டேர் ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலக அங்கீகாரமும் வாங்கிவிட்டது. சந்தோஷம். ஆனால் குயில்கள் ஏரியில் இல்லை, சார்! வேலியில், முள்ளுக்காட்டில், கிணற்றடிப் புதரில், நம் கொல்லையில் இருக்கின்றன. அங்கே எந்தப் பட்டியலும் வராது.

திரும்பும் வழியில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்குப் போனேன். 1940-ல் புவியியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் கண்டுபிடித்த கல்மரம் அங்கே படுத்திருக்கிறது. 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி வருஷம். இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்து மரம். பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்கள், ரொம்ப சரி. ஆனால் செத்துக் கல்லாகிப் போன மரத்துக்கு வேலி போடுகிற நாம், உயிரோடு இருக்கிற வேலியைப் பிடுங்கிப் போடுகிறோமே என்று தோன்றியது.

கிளம்புவதற்கு முன், பெரியவரிடம் விடைபெற்றபோது அவர் கேட்டார்: "ஆமா தம்பி... அந்தப் புள்ளிக்குயிலு நெசமாவே அதோட பொண்டாட்டிதானா?"

"சத்தியமா அய்யா."

கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"அதான பாத்தேன். இவன் இந்தக் கத்து கத்தறான், அது ஏன் திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குதுன்னு!"